காப்பு கட்டிய ஊரிலிருந்து பாங்காக்

என் அப்பா ராஜாங்கத்திடம் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டால் தனியாகத் தண்டோரா போட வேண்டியதில்லை. தமிழ்ப் புத்தாண்டை ஒட்டி வரும் சனி, ஞாயிறு, திங்களில் தோழிகளோடு பாங்காக் போகிறேன் என்று ஒரு நாள் காலையில் சொன்னேன். கூடாது என்றார். இசைவாணியின் அக்கா சென்னையில் வேலை பார்ப்பவர், அவரும் துணைக்கு வருகிறார் என்றேன். அப்போதும் கூடாது என்றார். எதிர் வீட்டு சரத்குமார் துபாய் போய் மூன்று வருடமாகிறது, நம் வீட்டில் இன்னும் ஒருத்தரும் ஏரோப்ளேன் படியை மிதிக்கவில்லை என்றேன். சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனார். அவர் திரும்பி வருவதற்குள் நான் பாங்காக் போவது ஊருக்கே முடிவாகிவிட்டது.

நான் சின்னசேலம் பக்கம் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிறேன். காலேஜ் பஸ்ஸில் போய் காலேஜ் பஸ்ஸில் திரும்புகிற ஜன்மம். இருபத்தொரு வயதில் நான் பார்த்த தூரதேசம் சேலம். இசைவாணியும் ஷாலினியும் என்னோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறவர்கள். அவர்கள் பார்த்த தூரதேசமும் சேலம்தான். படிப்பு முடிந்ததும் ஆளுக்கொரு பக்கம் கட்டிக்கொடுத்துவிடுவார்கள், அதற்குள் ஒருமுறையாவது கடலைத் தாண்டிவிட வேண்டும் என்று மூவரும் இரண்டாம் வருடத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தோம்.

தாய்லாந்திலும் அந்த நாட்களில்தான் புத்தாண்டு. தெருவில் யார் மேலும் யாரும் தண்ணீர் ஊற்றலாம், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. அப்பா இதை டீக்கடையில் தன் பாணியில் விளக்கினார்.

"நம்மூரு மஞ்சத்தண்ணி வெளாட்டுதான்பா. நாம முறைக்காரன் மேலதான் ஊத்துவோம். அங்க கவர்மெண்டே லீவு வுட்டு எல்லார் மேலயும் ஊத்தறான்."

டீக்கடையிலிருந்து வந்தவர்கள் எல்லாம் தலைவலித் தைலம் வாங்கி வரச் சொன்னார்கள். தலைவலி இவ்வளவு பேருக்கு இருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

எங்கள் ஊர் கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போகிற சாலையில் இருக்கிறது. மாரியம்மன் தேர் வழக்கமாகச் சித்திரைக் கடைசியில்தான் ஓடும். அதை நம்பித்தான் டிக்கெட் போட்டோம். ஆனால் இந்த வருடம் சீரியல் லைட் கட்டுகிறவருக்குச் சித்திரை முழுக்க வேறு ஊர்களில் புக்கிங் ஆகிவிட்டது. அம்மனுக்கு வேறு வழியில்லை, அவள் தன் தேதியை முன்னால் தள்ளிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை விழாக்குழு கூடி, செவ்வாய்க்கிழமையே காப்பு கட்டுவது என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. விழாக்குழுத் தலைவர் என் அப்பா.

செவ்வாய் மாலை பம்பை முழங்க, கோயிலில் அம்மனுக்குக் காப்புக் கட்டினார்கள். பிறகு அப்பா மைக்கில் தலைக்கட்டு நோட்டைப் பிரித்து, வீட்டுக்கு ஒரு ஆம்பளை என்று பேர் பேராக வாசித்தார். ஒவ்வொருவராக வந்து மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு போனார்கள். நூற்று எண்பத்து நாலு பேர். எல்லாம் முடிந்ததும் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, வருடா வருடம் சொல்வதைச் சொன்னார்.

"காப்பு கட்டியாச்சு. தேரு நெலைக்கு வர்ற வரைக்கும் எல்லை தாண்டிப் போயி ஒருத்தரும் ராத்தங்கக் கூடாது. மீறனா அம்மா சும்மா வுடமாட்டா. வெளியூரு போற வேலை இருந்தாலும் எல்லாத்தையும் கேன்சல் பண்ணிட்டு..."

அங்கே நின்றுவிட்டார். பெண்கள் கூட்டத்தில் நின்றிருந்த என்னைத் தேடிக் கண்டுபிடித்தார். "அய்யய்யோ" என்றார். மைக் அணைக்கப்படவில்லை. அது மலையடிவாரம் வரை கேட்டிருக்கும்.

வெள்ளிக்கிழமை ராத்திரி எனக்கு விமானம்.

எங்கள் ஊர்க் கட்டுப்பாடு மிகக் கடுமையானது என்று சொன்னால் சொல்பவர் வெளியூர்க்காரர். வெங்கடேசன் சித்தப்பா காப்புக் காலத்திலும் மினி வேனை எடுத்துக்கொண்டு மலைமேல் வெள்ளிமலைக்குப் புளி வாங்கப் போவார், இரண்டு நாள் அங்கேயே தங்குவார். மலைச்சாமி நம் மாரியம்மனுக்கு அண்ணன் முறை, அண்ணன் வீட்டில் தங்குவது வெளியூர் ஆகாது என்று முன்பே தீர்ப்பாகிவிட்டது. சுபாஷ் அண்ணன் லாரியில் நாக்பூர் வரை போகிறார். அவர் சீட்டுக்கடியில் ஊர் மண் ஒரு பிடி முடிந்து வைத்திருக்கிறார், ஆகவே லாரியில் படுத்தால் ஊரில் படுத்த கணக்கு. அம்மன் கருணைக்கு அளவில்லை. என் விஷயத்தில்தான் அவளுக்குத் திடீரென்று சட்டப் புத்தகம் ஞாபகம் வந்தது.

புதன்கிழமை காலையில் தேர்க்கொட்டகையில் கூடினார்கள். பெரியவர் என்று எல்லோரும் மதிக்கும் சின்னக்கண்ணுப் பெரியப்பா நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அப்பா பக்கத்தில், மகள் பள்ளிக்கூடத்தில் ஃபெயிலானதைக் கேட்கப் போனவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் பெண்கள் கூழுக்குக் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தார்கள். என் அம்மா கொளஞ்சியம்மாளும் அங்கேதான் முறத்தோடு இருந்தாள்.

"புள்ள ஆசப்பட்டுடுச்சு," என்றார் அப்பா. "சுபாஷ் மாதிரி ஒரு பிடி மண்ண எடுத்துக்கினு போவட்டுங்களே."

சின்னக்கண்ணுப் பெரியப்பா கண்ணை மூடி யோசித்தார். "இண்டியாக்குள்ளன்னா மண்ணு செல்லும். கடலைத் தாண்டிட்டா செல்லாது ராஜாங்கம்."

மண்ணுக்கும் ரோமிங் இருக்கிறது போல.

"அப்ப அங்க இருக்கற சாமி யாராச்சும் நம்ம அம்மனுக்கு ஒறவுமுறை ஆவாங்களான்னு பாருங்க," என்றார் வெங்கடேசன் சித்தப்பா, அனுபவஸ்தர் என்ற முறையில்.

"அங்க புத்தருதான் ஜாஸ்தி. அவரு எந்த முறையும் வெச்சிக்காம வூட்ட வுட்டுப் போனவரு," என்றார் பெரியப்பா. "தேருக்கு அப்பறம் போலாமே பாப்பா. பாங்காக்கு எங்க ஓடிடப்போவுது?"

பாங்காக் ஓடாது, நான்தான் ஓட வேண்டியவள். தேருக்கு அப்புறம் பரீட்சை. பரீட்சைக்கு அப்புறம் ஷாலினிக்குக் கல்யாணம், தேதியே வைத்துவிட்டார்கள். எனக்கும் திருக்கோவிலூரிலிருந்து ஒரு ஜாதகம் வந்து பீரோவில் உட்கார்ந்திருக்கிறது. இந்த மூன்று நாளை விட்டால் அந்தப் பெஞ்சு மறுபடி ஒன்றாக உட்காராது. அழுது பார்க்கலாமா என்று யோசித்தேன். அழுதால் தலையைத் தடவி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்போதுதான் பெரியப்பாவின் மடியில் இருந்த நோட்டு கண்ணில் பட்டது.

"பெரியப்பா, எம்பேரு அந்த நோட்டுல இருக்குதுங்களா?"

"பொம்பளப் புள்ளைங்க பேரு இதுல ஏம்மா இருக்கும்? இது தலைக்கட்டு நோட்டு."

"நேத்து என்னைப் பேரு சொல்லிக் கூப்டு காப்பு கட்டனீங்களா?"

"இல்ல."

"நாளைக்கு நான் கல்யாணம் ஆவாம இங்கியே இருந்தா எம்பேர சேப்பீங்களா?"

"அதெப்படி சேக்க முடியும்? இன்னா பேசற நீ?"

"அப்போ பேரு இல்லாத ஆளுக்கு எங்கேர்ந்து காப்பு வந்துச்சு? காப்பு கட்டாத நான் எல்லை தாண்டனா அம்மனுக்கு எப்புடிங்க கோவம் வரும்?"

பெரியப்பா நோட்டின் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினார், அங்கே எங்காவது ஒரு பெண் பதுங்கியிருக்கிறாளா என்று பார்ப்பவர் போல. பிறகு தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"வக்கீலுக்குப் படிக்க வெச்சிருக்கணும் ராஜாங்கம் இத! புள்ள சொல்றது நியாயம்தான். பொம்பளைங்க கணக்குலயே வர்றதில்ல. பேரு இல்லாதவங்களுக்குக் காப்பு இல்ல. நீ போய்ட்டு வா பாப்பா."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா அதிகமாகச் சிரித்தார். நான் ஜெயித்துவிட்டேன். நீ இந்த ஊரில் கணக்கிலேயே இல்லை என்று இத்தனை பேர் இத்தனை சந்தோஷமாக ஒப்புக்கொண்டது உள்ளே எங்கோ சுருக்கென்றது. ஆனால் பாங்காக் கிடைத்திருக்கிறது, போனால் போகிறது என்று விட்டேன்.

"அப்போ நானு?"

அம்மாவின் குரல். முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்திருந்தாள். சபையில் அம்மா பேசி நான் பார்த்ததே இல்லை.

"நீயி எங்க போவப்போற கொளஞ்சி?" என்று சிரிப்பு மாறாமல் கேட்டார் பெரியப்பா.

"இப்ப எங்கியும் போவல. பதினோரு வருசத்துக்கு முன்ன போயிருக்கணும். எங்கப்பா செத்தப்போ காப்பு கட்டி நாலாம் நாளு. மணலூர்பேட்டையிலேர்ந்து எந்தம்பி போன் மேல போன் பண்றான். இதே கொட்டாயிலதான் வந்து நின்னு கேட்டேன். காப்பு கட்டன ஊரு, பொம்பள எல்லை தாண்டிப் போயி சாவு வூட்டுல ராத்தங்கனா ஊருக்கே ஆவாதுன்னீங்க. எங்கப்பா மொவத்தக்கூட நான் பாக்கல." அம்மா மூச்சு வாங்கினாள். "பேரு இல்லாதவங்களுக்குக் காப்பு இல்லன்னு இப்ப சொல்றீங்க. எம்பேரு அந்த நோட்டுல எங்க இருக்குது? காட்டுங்க."

பெரியப்பா நோட்டை மூடினார். "அது சாவு, கொளஞ்சி. இது டூரு."

"சாவுக்குப் போவக்கூடாது, டூருக்குப் போலாமாங்க?"

வெங்கடேசன் சித்தப்பாவுக்குத் திடீரென்று மலையில் வேலை வந்துவிட்டது. அம்மா அப்பாவைப் பார்த்தாள். "அன்னிக்கி எழுந்து நின்னு வேணாம்னு சொன்னதே நீங்கதான்," என்றாள். அப்பா தன் மணிக்கட்டுக் கயிற்றைத் திருகிக்கொண்டிருந்தார்.

அப்போது எனக்குப் பத்து வயது. தாத்தா செத்துப்போனது எனக்குத் தெரியும். ஆனால் அம்மா போகவில்லை என்பது தெரியாது, தெரிந்துகொள்ளவும் இல்லை. அந்த வருடம் தேருக்கு எடுத்த பாவாடை சட்டையின் நிறம்கூட நினைவிருக்கிறது. இப்படி ஒரு கேள்வியை நான் வேடிக்கையாகக் கேட்டு ஜெயித்த அதே இடத்தில், கேட்கத் தெரியாமல் அம்மா தோற்றுத் திரும்பியிருக்கிறாள். என் கெட்டிக்காரத்தனம் எனக்கே வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் பெட்டியோடு கிளம்பினேன். அம்மாவும் ஒரு வயர்க்கூடையோடு கிளம்பினாள்.

"நீ எங்க கெளம்பற?" என்றார் அப்பா.

"மணலூர்பேட்டைக்கு. எந்தம்பி வூட்டுல தங்கிட்டு வரேன்."

"ஞாயித்துக்கெழம கூழு ஊத்தணும்டி. யாரு காச்சறது?"

"நோட்டுல நூத்தி எம்பத்திநாலு பேரு இருக்குது. மைக்குல கூப்புடுங்க."

அப்பா வாசல் வரை வந்தார். தடுக்கவில்லை. என்னிடம் பாஸ்போர்ட் இருக்கிறதா என்று மூன்று முறை கேட்டார், அம்மாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் இசைவாணியும் ஷாலினியும் இடம் போட்டிருந்த சென்னை பஸ்ஸில் என்னை ஏற்றிவிட்டு, அம்மா மணலூர்பேட்டைக்குப் போகத் திருக்கோவிலூர் பஸ்ஸில் ஏறினாள். ஜன்னலோர இடம் பிடிக்க அவள் ஓடியதை அன்றுதான் பார்த்தேன்.

பாங்காக்கைப் பற்றி நீட்டி முழக்க மாட்டேன். முதல் நாள் விமானத்தில் ஷாலினி ஜன்னலை இறக்கச் சொல்லிப் பணிப்பெண்ணிடம் கேட்டாள், அதை நாங்கள் யாரிடமும் சொல்லப்போவதில்லை. தெருத் தெருவாக ஜனம் தண்ணீர்த் துப்பாக்கியும் வாளியுமாக நின்றது. முன்பின் தெரியாத ஒரு கிழவர் என் கன்னத்தில் வெள்ளை மாவைப் பூசி, தலையில் ஒரு குவளை ஊற்றி, கும்பிட்டுவிட்டுப் போனார். பேர் கேட்கவில்லை, எந்த ஊர், யார் வீட்டுப் பெண் என்று கேட்கவில்லை. இசைவாணி நடு ரோட்டில் நின்று சத்தம் போட்டுச் சிரித்தாள். நாலு வருடத்தில் அவள் பல்லையே நாங்கள் முழுதாகப் பார்த்ததில்லை. இந்தப் பயணத்துக்காக எத்தனை தேர்க்கொட்டகை வேண்டுமானாலும் ஏறலாம் என்று தோன்றியது.

ஞாயிறு மதியம் அம்மா வீடியோ காலில் வந்தாள். நான் ஒரு கடை ஓரமாக ஒதுங்கி, போனைப் பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்தேன். அவளுக்குப் பின்னால் மாமா வீட்டுச் சுவர், சுவரில் தாத்தாவின் படம், படத்துக்குப் புதுப் பூ.

"இன்னாடி, கோழிக்குஞ்சு மாதிரி நனைஞ்சிக்கினு நிக்கிற? தலைய தொவட்டு."

"எல்லாரும் நனையறாங்கம்மா. நீ இன்னா பண்ற?"

"ரெண்டு ராத்திரி தங்கிட்டேன்டி."

"அம்மன் ஏதாச்சும் பண்ணாளா?" என்றேன் கிண்டலாக.

"உங்கப்பாவத்தான் பண்ணிட்டா. கூழு அடிபுடிச்சிப்போயி ஊரே தீஞ்ச வாசனையாம். எட்டு தடவ போன் பண்ணிட்டாரு." அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். மாமாவும் எங்கோ பக்கத்தில் சிரிப்பது கேட்டது. "தம்பி ஊருக்குப் போன் பண்ணி விசாரிச்சான். மாடு கன்னு எல்லாம் நல்லாத்தான் இருக்குதாம். யாருக்கும் ஜுரம்கூட இல்லையாம். ஒண்ணுமே ஆவல அபி."

"அதான் நான் சொன்னேனே."

அம்மா தலையாட்டினாள். சிரிப்பு மெல்ல அவள் முகத்திலிருந்து இறங்கியது. ஏதோ கணக்குப் போடுகிறவளைப் போல என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ, அன்னிக்கி நான் போயிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது, இல்ல?"

"ஆயிருக்காதும்மா," என்றேன். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நானும் அந்தத் தெருவோரத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.