பெஞ்சு காலி

அந்த ஃப்ரீமேசன் லாட்ஜுக்கு நூறு வயது நிறைகிற நாள் அது. லாட்ஜ் என்று வாசலில் எழுதியிருப்பதைப் பார்த்து, கையில் பெட்டியோடு வந்து ரூம் வாடகை கேட்கிறவர்கள் இன்றைக்கும் உண்டு. வாசல்காவலர் அவர்களை உட்கார வைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, இது சங்கம், தங்குகிற இடமில்லை என்று சொல்லி அனுப்புவார். மேசன் முறைப்படி இடுப்பில் வாளோடு நிற்கிற மனிதர் தண்ணீர் கொடுத்தால் வேண்டாம் என்று யார்தான் சொல்வார்கள்?

மாடியில் கூட்ட அறை. அதன் கதவுக்கு வெளியே ஒரு பழைய பெஞ்சு. மனசில் ஒருவர்மேல் கோபத்தை வைத்துக்கொண்டு வெள்ளை ஏப்ரனை இடுப்பில் கட்டி, அவரோடு ஒரே கூட்டத்தில் உட்காரக்கூடாது என்பது மேசன்களின் முறை. இந்த லாட்ஜைத் தொடங்கியவர்கள் அதற்கென்று ஒரு பெஞ்சே போட்டுவிட்டார்கள். சண்டைக்காரர்கள் அதில் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டும். எவ்வளவு நேரமானாலும் உள்ளே இருப்பவர்கள் காத்திருப்பார்கள். "பெஞ்சில் யார்?" என்று உள்ளேயிருந்து குரல் வரும். "பெஞ்சு காலி" என்று வாசல்காவலர் சொன்ன பிறகுதான் கதவு மூடும். அந்தப் பெஞ்சிலிருந்து ஒருவரும் கோபத்தோடு வீட்டுக்குப் போனதில்லை என்று சொல்லும்போது லாட்ஜ்காரர்கள் எல்லோருக்கும் நெஞ்சு ஒரு சுற்று பெருத்துவிடும்.

அந்தப் பெருமைக்குத்தான் அன்றைக்கு ஆபத்து.

கீழே சாப்பாட்டு அறையில் கடிகாரக்காரர் மனைவி தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கூட்டம் முடிந்ததும் குடும்பத்தார் எல்லோர் முன்னாலும் லாட்ஜின் வரலாறு வாசிக்கப்பட இருந்தது. எழுதியவர் அவள் கணவர். ராத்திரி பகல் பார்க்காமல், கடையில் வந்த கடிகாரங்களையெல்லாம் காத்திருக்கவைத்து எழுதியது. அந்த நேரத்தில்தான் வாசல்காவலர் மெதுவாகப் படியிறங்கி வந்தார்.

"தங்கச்சி, உங்க வீட்டு ஆளுங்க ரெண்டு பேரும் என் பெஞ்சை விட்டு எழுந்திருக்க மாட்டேங்கிறாங்க."

அவள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். ரெண்டு பேர் என்றால் ஒருவர் கணவர், இன்னொருவர் பல் டாக்டரான அவளுடைய அண்ணன். வரலாற்றை முன்கூட்டியே வாங்கிப் படித்த நாளிலிருந்து அண்ணன் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று அவளுக்குத் தெரியும். சங்கதி இவ்வளவு முற்றியிருக்கும் என்று நினைக்கவில்லை. இன்றைக்குத் தீராவிட்டால் ஒருவர் படியிறங்கிப் போக வேண்டும். அண்ணன் போனால் பிறந்த வீட்டு வாசல் அவளுக்கு அடைபட்டது மாதிரி. கணவர் போனால், அவர் பெற்ற பிள்ளை மாதிரியான அந்த வரலாறு வாசிக்கப்படாமலே கிடக்கும். யார் போனாலும் லாட்ஜின் பெருமையில் விழுகிற ஓட்டை அவள் குடும்பத்தின் பேரில்தான் விழும்.

அடுப்படியில் இருந்த டீ ஃப்ளாஸ்கையும் ஒரே ஒரு டம்ளரையும் எடுத்துக்கொண்டாள். "தலை, தலை" என்றார் வாசல்காவலர். வளைவில் உத்தரம் தாழ்ந்திருக்கும் அந்தப் படியில் இடித்துக்கொள்ளாத உறுப்பினர் கிடையாது. அவள் குனிந்தே ஏறினாள்.

பெஞ்சின் இந்தக் கோடியில் ஒருவர், அந்தக் கோடியில் ஒருவர். நடுவில் ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கலாம். இரண்டு ஏப்ரன்களும் மடித்தபடி மடியில் கிடந்தன. ஊரார் வாயையெல்லாம் அகலமாகத் திறக்கச் சொல்கிற அண்ணன் தன் வாயை இறுக்க மூடிக்கொண்டிருந்தார். ஊர்க் கடிகாரத்தையெல்லாம் ஓடவைக்கிற கணவர் நின்றுபோன கடிகாரம் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

வழக்கு இதுதான். லாட்ஜுக்குச் சொந்தக் கட்டடம் கட்டிய காலத்தில் அவள் அப்பாதான் தலைவர். மாடிப்படி கட்டடத்துக்கு வெளியே வரவேண்டும் என்றார் அப்பா. உள்ளேதான் என்றார் இன்னொரு உறுப்பினரான அச்சகக்காரர். வாக்கெடுப்பில் அச்சகக்காரர் ஜெயித்தார். அப்பா இதே பெஞ்சில் சிறிது நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, எழுந்து போனவர் ஒரு வருஷம் இந்தப் பக்கமே வரவில்லை. கணவர் அதை மறைக்காமல் எழுதிவிட்டார். அப்பா எழுந்து போனார், வருகைப் பதிவேட்டின்படி அவரும் அச்சகக்காரரும் ஒரு வருஷம் கூட்டத்தில் இல்லை, பிறகு இருவரும் வந்தார்கள் என்று.

"எழுந்து போன ஒரே ஆள் எங்கப்பாவா? இத்தனை பேர் முன்னாடி அதை வாசிக்கணுமா?" என்றார் அண்ணன், தங்கையைப் பார்த்து.

"நடந்ததை எழுதாட்டி அது வரலாறு இல்ல, மச்சான். பாராட்டுப் பத்திரம்" என்றார் கணவர், அவரும் அவளைப் பார்த்தே.

அவள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தாள். டம்ளரில் டீயை ஊற்றினாள்.

"நீங்க எழுதினது பாதி" என்றாள் கணவரிடம். "அண்ணே, நீ கோவிச்சுக்கிறதும் அந்தப் பாதிக்குத்தான். நீ அந்த வருஷம் ஹாஸ்டல்ல இருந்தே."

பிறகு சொன்னாள். அப்பா போன பின்பு அச்சகக்காரர் தாராளமாக உள்ளே போயிருக்கலாம். போகவில்லை. ஒவ்வொரு கூட்டத்துக்கும் வந்து, ஏப்ரனை மடியில் வைத்துக்கொண்டு, இதே பெஞ்சில் கூட்டம் முடியும்வரை உட்கார்ந்திருந்தார். எதிராளி வராமல் தான் மட்டும் உள்ளே போவதாக இல்லை. எதிராளியே வராத பெஞ்சுக்குக் காத்திருந்து பயனில்லை என்று உள்ளே கூட்டத்தை நடத்திக்கொண்டார்கள். உள்ளே வராததால் அவருக்கும் வரவில்லை என்றே பதிவேட்டில் குறித்துவிட்டார்கள். இது அம்மா காதுக்கு எட்டியது. அன்று முதல் கூட்ட நாளெல்லாம் அம்மா ஒரு ஃப்ளாஸ்க் டீயோடு கிளம்பிவிடுவாள். அவளுக்கு மகள்தான் துணை. பெஞ்சில் டீயை ஊற்றி வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் ஃப்ளாஸ்கோடு திரும்பி வருவாள். ஒருநாள் ஃப்ளாஸ்க் வீட்டுக்கு வந்து சேரவில்லை. அப்பா டீ கேட்டார். ஃப்ளாஸ்க் எங்கே என்றார். உங்களுக்காகத் தவம் கிடக்கிற மனுஷன்கிட்ட இருக்கு, வேணும்னா போய் வாங்கிக்கோங்க என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அப்பா சட்டையை மாட்டிக்கிட்டுப் போனார். அன்னைக்கு ரெண்டு பேரும் சேர்ந்து உள்ளே போனாங்க. அப்பா எழுந்து போனது நிஜம்தான் அண்ணே. ஆனா பெஞ்சு அவரைப் போக விடல."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?" என்றார் கணவர்.

"லாட்ஜு ரகசியத்தை அப்பா வீட்டுல சொன்னதில்ல. வீட்டு ரகசியத்தை அம்மா லாட்ஜுக்குச் சொன்னதில்ல. ரெண்டும் சரியாப் போச்சுன்னு அம்மா சிரிப்பா."

அண்ணன் டம்ளரை எடுத்துப் பாதியைக் குடித்துவிட்டு, தங்கையின் மடிக்கு மேலாக நீட்டினார்.

"மாப்பிள்ளை, அப்பா எழுந்து போனதை எடுக்க வேண்டாம். அப்படியே இருக்கட்டும். அம்மாவையும் எழுதுங்க."

கணவர் மீதி டீயைக் குடித்தார். பைக்குள்ளிருந்து காகிதங்களை எடுத்தார். வைத்து எழுத மேஜை இல்லை. பல் டாக்டர் எழுந்து, எதிரில் வந்து முதுகைக் காட்டிக் குனிந்தார். கணவர் அதன்மேல் காகிதத்தை வைத்து அம்மாவைப் பற்றி எழுதத் தொடங்கினார். நூறு வருஷ வரலாற்றில் ஒரு பெண்பிள்ளை முதன்முதலாக அந்த முதுகின்மேல் வைத்துத்தான் ஏறினாள்.

"மச்சான், மூச்சை இப்படி வாங்காதீங்க. எழுத்து ஆடுது."

"படி வெளியே இருந்திருக்கணும்னு அப்பா சொன்னது சரின்னும் ஒரு வரி போடுங்க. எத்தனை தலை வீங்கியிருக்கு."

"அதுக்குத் தனியா வாக்கெடுப்பு வேணும்" என்றார் கணவர்.

ஒருவர் இடுப்பில் ஒருவர் ஏப்ரனைக் கட்டிவிட்டார்கள். தோளோடு தோள் இடிக்க உள்ளே போனார்கள். அவள் மட்டும் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. அம்மா எத்தனையோ முறை வந்தும் ஒரு தடவைகூட உட்காராத பெஞ்சு அது.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "பெஞ்சில் யார்?"

வாசல்காவலர் வாய் திறந்தவர் அவளைப் பார்த்து நிறுத்தினார். வாளை நேராகப் பிடித்துக்கொண்டார்.

"ஒருத்தங்க இருக்காங்க. சண்டை போட வந்தவங்க இல்ல. சண்டையைத் தீர்த்தவங்க."

உள்ளே நாற்காலிகள் நகர்ந்தன. அத்தனை பேரும் எழுந்து நிற்கிற ஓசை அது. அதன் பிறகுதான் கதவு மூடியது.