நுனி ஆடாத மெஷின்

பள்ளிப் பேருந்து ஓட்டும் அண்ணிக்குக் கட்டைவிரல் உயரத்தில் மர நாற்காலி செய்வதென்றால் உயிர். வண்டியை நிறுத்திவிட்டு வந்தால் ஜன்னலோர மேசையே கதி. ஒரு வருடமாகப் பிளேடையும் உப்புத்தாளையும் வைத்தே ஒப்பேற்றினாள். விரல் காய்த்துப்போனதுதான் மிச்சம். மரத்தைக் குடையவும் தேய்க்கவும் கையடக்கமாக ஒரு ரோட்டரி டூல் வாங்கலாம் என்று போனில் பார்க்கத் தொடங்கினாள். இரண்டே வாரத்தில் இருந்த தெளிவும் போயிற்று. ஒரு ஜோடி நல்ல செருப்பின் விலைக்கு மேல் போகக் கூடாது என்பதில் மட்டும் உறுதியாக இருந்தாள்.

"என் தங்கச்சியக் கூட்டிட்டுப் போயேன். நாள் பூரா அந்த மாதிரி மெஷினோடதான மாரடிக்கிறா," என்றான் கணவன்.

நாத்தனாருக்குப் பல்செட் செய்யும் கூடத்தில் வேலை. அண்ணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். முதன்முதலாகச் செய்த நாற்காலியைப் பார்த்து, "இது என்ன அண்ணி, கடவாய்ப்பல்லா?" என்று கேட்டவள் ஆயிற்றே! ஆனாலும் சனிக்கிழமை காலை இருவரும் சேர்ந்துதான் கடைக்குப் போனார்கள்.

கடைக்காரர் பெரிய பெட்டி ஒன்றைத் திறந்தார். "இருநூறு பிட்டு இருக்கும்மா. விலையும் கம்மி."

"அதுல ஆறுதான் உதவும். மெஷின ஓட்டிக் காட்டுங்க," என்றாள் நாத்தனார்.

அவர் முனகிக்கொண்டே சுவிட்சைப் போட்டார். அதில் மாட்டியிருந்த, ஓட்டை போடும் மெல்லிய பிட்டின் நுனி நடுங்கியது. "தலையாட்டுது. இதுல ஓட்ட போட்டா ஓட்ட வராது, பள்ளம்தான் வரும்," என்றாள் நாத்தனார்.

இரண்டாவது மெஷினில் நுனி ஆடவில்லை. அண்ணி கைப்பையிலிருந்து ஒரு மரத்துண்டை எடுத்துக் கொடுத்தாள். வேகத்தை எவ்வளவு குறைத்தும் மரம் கருகிப் புகைந்தது. கடைக்காரர் இருமினார்.

மூன்றாவது, சாதாரண அட்டைப்பெட்டியில் இருந்தது. நிதானமாகச் சுற்றியது. ஐந்து நிமிடம் ஓடியும் கை சுடவில்லை. விலையும் அண்ணி நினைத்ததற்குள் அடங்கியது.

"இதுதான் அண்ணி. கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்."

கடைக்காரர் உள்ளேயிருந்து அதே வகையில் புதுப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். அதையும் ஓட்டிப் பார்த்தார்கள். நாத்தனார் தலையசைத்தாள். அண்ணி மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

"இது வேணாம். உள்ள மண்ணு அரைபடுற மாதிரி கேக்குது."

"எனக்கு ஒண்ணும் கேக்கலயே!"

"பதினோரு வருஷமா இன்ஜின் சத்தத்தோட குடித்தனம் பண்றவ நான். ஓட்டிக் காட்டினீங்களே, அதையே குடுங்க."

கடைக்காரர் இரண்டையும் மாற்றி மாற்றிக் காதருகே பிடித்தார். பிறகு புதியதை உள்ளே வைத்தார். "நாப்பது மெஷின் வித்துட்டேன். இதக் கேட்டு சொன்னது நீங்கதாம்மா."

வெளியே வந்ததும் நாத்தனார் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்க கூடத்துல ஒரு மெஷின் ரெண்டு மாசமா மக்கர் பண்ணுது. ஒருநாள் வந்து கேட்டு சொல்றீங்களா அண்ணி?"

"வர்றேன். ஆனா பல்லப் பத்தி எங்கிட்ட ஒண்ணும் கேக்கக் கூடாது."

வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி மாட்டிக்கொண்டு மேசையில் உட்கார்ந்தார்கள். "அழுத்தாதீங்க, அது பாட்டுக்குப் போகட்டும்," என்றாள் நாத்தனார். பிட் மரத்தில் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. அண்ணி தூளை ஊதிவிட்டு, அந்த ஓட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வட்டம் என்றால் அப்படி ஒரு வட்டம். சாப்பிட வரச் சொல்லிக் கணவன் மூன்று முறை கூப்பிட்டான். இரண்டு பேர் காதிலும் விழவில்லை.