சைதுன் பீவியின் அஸர்

1
கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஈராக்கின் கூபாவில் ஓர் இமாம், எகிப்தில் ஓர் இமாம். ஒரே மார்க்கத்தில் ஹனபி, ஷாபி என்று வெவ்வேறு மத்ஹபுகள், அதாவது சட்டவழிகள். ஒன்று குதிரைக்காரர்களோடு தரைவழி வந்தது, மற்றது மரக்கலத்தில் கடல்வழி வந்தது, காரைக்குடியில் இரண்டும் அடுத்தடுத்த வீடாயின. இப்படி இரண்டு பக்கம் ஓட்டிவிட்டேன். அதற்குள் அறுபத்தெட்டாம் வருடத்துப் பெண் ஒருத்தி குறுக்கே வந்தாள். கட்டுரை போன இடம் தெரியவில்லை.

2
முதல் தொடக்கம்: "விதவை சைதுன் பீவி கண்ணீர் மல்க..."

(அடித்துவிட்டேன். அவள் அழுகிற ஆள் இல்லை.)

இரண்டாவது: சைதுன் பீவிக்குக் கோட்டையூர்ச் சைக்கிள் கடை ஹபீப் ரகுமானைப் பிடித்திருந்தது. அவர் ராவுத்தர், ஹனபி. இவள் வீடு ஷாபி. அண்ணன் மீரான் சாகிபு குறுக்கே நின்றார்.

"வாப்பா இல்லாத வீட்டுல நான்தான் வலிகாரன், பொறுப்பாளி. நான் தலையாட்டாம ஒனக்கு நிக்காஹ் செல்லாது. ராவுத்தர் வீட்டுக்கு ஆட்ட மாட்டேன்."

ஷாபி சட்டப்படி அவர் சொன்னது சரிதான்.

(அண்ணன் அடம்பிடித்தால் காஜி முன்னின்று நடத்தலாமே என்பீர்கள். என் கதையில் காஜி, அண்ணனுக்குச் சம்பந்தி.)

3
அண்ணன் மனம் இரங்குவதாக ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன். சைதுன் பீவி ஒப்பவில்லை. அவர் போட்ட பிச்சையாகிவிடுமாம். ஆகவே நான் ஒதுங்கிக்கொண்டேன். இனி நடந்தது அவள் பாடு.

பிற்பகல் தொழுகையான அஸரைத் தொழுதுவிட்டு அண்ணன் வீடு திரும்பினார். தங்கை சாவகாசமாக அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, அஸர் தொழுகலையா?"

"எனக்கு இன்னும் நேரம் வரலை காக்கா."

மீரான் சாகிபு சிரிக்கப் போனார். பாதியில் உறைத்தது. ஹனபிகளுக்குத்தான் அஸர் பிந்தி, நிழல் இரட்டிப்பாக நீண்ட பிறகு வரும். வயதுவந்த பெண் தன் வாயால் சம்மதம் சொன்னால் நிக்காஹ் செல்லும் என்று சொல்வதும் அந்த ஹனபிகள்தான்.

"மத்ஹபு மாறிட்டியா?"

"மாறிட்டேன். எல்லா மத்ஹபும் ஹக்கு, சரியான வழிதான்னு நீங்கதான வாரவுகட்டயெல்லாம் சொல்லுவீக?"

முற்றத்துத் தூணின் நிழல் நன்றாக நீண்ட பிறகு, சைதுன் பீவி முறத்தை வைத்துவிட்டு, தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளுச் செய்யப் போனாள். எழுதிக்கொண்டிருந்த நான் எழுந்து நின்றுவிட்டேன். அவ்வளவு சந்தோஷம்!

4
நிக்காஹ் பந்தல். சம்மதமா என்று ஆலிம் கேட்க, திரைக்குப் பின்னாலிருந்து அவள் சொன்ன "சம்மதம்" தெருமுனைவரை கேட்டது.

தெருமுனையில் மீரான் சாகிபு நிற்கிறார்.

அவர் உள்ளே வந்து மாப்பிள்ளையை... 

இல்லை, இதை நான் எழுதப்போவதில்லை. உங்களுக்கு ஆசையிருந்தால் அவர் கையைப் பிடித்துப் பந்தலுக்குள் கூட்டி வாருங்கள். கோபமிருந்தால் திருப்பி அனுப்புங்கள். அவர் வந்தாலும் வராவிட்டாலும் நிக்காஹ் செல்லும்.