ஒன்றாகத் திணறும் இரண்டு இணைப்புகள்

1
ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு கணினிக் கட்டுரையிலிருந்து களவெடுத்தது. நடுவில் இருப்பதைப் பார்க்காமலே, முனைகளில் நின்று தாமதத்தை அளந்தால், இரண்டு இணையப் பாதைகள் வேறானவையா, எங்காவது ஒன்றாகிவிடுகின்றனவா என்று கண்டுபிடிக்கலாமாம். வாசித்ததும் எனக்குச் சுன்னாகம் சந்தைதான் ஞாபகம் வந்தது.

(முதலில் எழுதிய தொடக்கம்: 'உடுவிலில் மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலை...' வேண்டாம். மழையைக் கொண்டுவந்தால் இவன் பழியை மழையின் தலையில் போட்டுவிடுவான்.)

2
இவன் என்பது கோபிசங்கர். இணைய இணைப்பு விற்பவன். தகப்பன் சுன்னாகம் சந்தையில் வெங்காய வியாபாரி. அவர் சொல்லும் விலை பிடிக்காதவர்கள் அடுத்த கடைக்குப் போய்ப் பேரம் பேசுவார்கள். அது சித்தப்பாவின் கடை, வெங்காயமோ இரண்டிலும் ஒரே சாக்கிலிருந்து வந்தது. மகன் அதையே கம்பியில் செய்தான். உடுவில் மதுராவுக்கு இரண்டு கம்பனிப் பெயரில் இரண்டு இணைப்பு விற்றான்.

"ஒண்டு விழுந்தால் மற்றது தாங்கும், தங்கச்சி. ரெண்டும் வேறை வேறை பாதை."

இரண்டும் அவனுடைய கடைக்குள் போய் ஒரே கம்பியாகின.

மதுரா வீட்டிலிருந்தபடி வெளிநாட்டு அகதி விசாரணைகளுக்கு மொழிபெயர்ப்பவள். போன கிழமை ஒருவர் தன் சிறைக்காலத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது இரண்டு இணைப்பும் சேர்ந்து விழுந்தன. நாளைக்கு அவருடைய விசாரணை மறுபடியும். இனி விழுந்தால் அவளுக்கு வேலை இல்லை. அவருக்கு என்ன இல்லாமல் போகும் என்பதை எழுத—

3
கூப்பிட்டாள், போனான். ஒரு இணைப்பில் பெரிய படமொன்றை டவுன்லோட் போட்டுவிட்டு, மற்றதன் தாமதத்தைத் திரையில் காட்டினாள். ஏறியது. படத்தை நிறுத்தினாள். இறங்கியது.

"ஏனண்ணை, அதிலை பாரம் ஏத்த இது மூச்சு வாங்குது?"

"உது சும்மா... ஏதோ நேரம், தங்கச்சி."

"நேரமோ? இருங்கோ, இன்னொருக்காப் பாப்பம்."

மறுபடியும் ஏறியது. கோபிசங்கருக்குக் காது சுட்டது. [இந்த இடத்தில் அவனை நல்லவனாக்க ஒரு வாக்கியம் தொடங்கி அடித்துவிட்டேன்: 'உண்மையில் அவன்—']

ஒரு பக்கக் குறிப்பு: இந்தச் சோதனை, இரண்டும் ஓரிடத்தில் சேர்கின்றன என்று சொல்லும். எந்த இடம் என்று சொல்லாது.

அதனால்தான் மதுரா கேட்டாள்: "ரெண்டும் வந்து சேருறது என்ரை பழைய ரவுட்டர் பெட்டியிலைதானே. பிழை உதிலையோ, அண்ணை? சீ, நான் உங்களைப் போய்ச் சந்தேகப்பட்டுட்டன்."

விற்பதற்குப் புதுப் பெட்டியொன்று அவன் பையிலேயே இருந்தது.

4
முடிவு ஒன்று: உண்மையைச் சொல்கிறான். அவள் வாய்க்கு வந்தபடி ஏசுகிறாள். இருட்டுவதற்குள் வேறு ஆளிடமிருந்து வேறு கம்பி வருகிறது. நல்ல முடிவுதான், எழுதிய நானே நம்பவில்லை.

முடிவு இரண்டு: எழுதிப் பார்க்கும்போதெல்லாம் பெட்டியை விற்றுவிடுகிறான். விலையில் கழிவும் கொடுக்கிறான். அவள் நன்றி சொல்கிறாள். அந்த நன்றியை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பேனையை நீங்களே பிடியுங்கள். மதுரா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவன், "தங்கச்சி," என்று தொடங்கிவிட்டான்.