பீமுக்குக் கீழே போட்ட கட்டில்

ஓய்வுபெற்ற அந்தப் பொறியாளருக்குக் கான்கிரீட் சக்கரவர்த்தி என்று பட்டம். கொடுத்தது யார் என்று கேட்டால் அவர் மனைவி சிரிப்பார். வீட்டிலேயே தயாரானது அது.

விரிசல் என்ற சொல் காதில் விழுந்தால் போதும், சக்கரவர்த்தி பிரசங்கத்தை ஆரம்பித்துவிடுவார். "கான்கிரீட் காயும்போது சுருங்கும், மேலாக மயிரிழை மாதிரி கீறல் விடும். அதுக்குப் பயப்படாதீங்க. ஆனா நாளாக ஆக நீளுற விரிசல், பழுப்பா கறை இறங்குற விரிசல், அது விஷம்! உள்ளே கம்பி துருப்பிடிச்சு உப்புதுன்னு அர்த்தம். அன்னைக்கே ஆளைக் கூப்பிடணும்."

கேட்டுக் கேட்டு மனைவிக்குக் காது புளித்திருந்தது.

அப்பேர்ப்பட்டவர் வீட்டுப் பின்னறைக் கூரை பீமிலேயே விரிசல். மாடிக் குழாய் கசிந்து, பழுப்புக் கறை வேறு. மகள் கைக்குழந்தையோடு மறுநாள் வந்து தங்கப்போவதும் அதே அறையில்தான்.

"என்னங்க, கறை இறங்குது. ஆளைக் கூப்பிடுங்க."

"அது சும்மா சுருக்கம்."

"வீடு கட்டி இருபது வருஷமாச்சு. இன்னுமா சுருங்குது?"

"என் வீட்டுலயே சாரம் கட்டினா நாலு பேர் என்ன நினைப்பாங்க?"

விரிசலை அடைக்கப் பட்டி வாங்கிவந்து அவரே பூசினார். காய்ந்ததும் விரிசல் மறுபடி எட்டிப் பார்த்தது. உடனே பேத்தியை வரவேற்கிற சாக்கில் அதன்மேல் கலர் காகிதத் தோரணம் ஒட்டினார். பேத்திமேல் அவ்வளவு பாசம்.

மறுநாள் காலை, மகள் வந்து சேரும் முன்பே, குடியிருப்போர் சங்கச் செயலாளர் நாலைந்து பேரோடு விரிசல் பற்றி ஆலோசனை கேட்க வந்தார். தோரணம் கட்டிய அறையைக் காட்டும் ஆசையில் சக்கரவர்த்தி அவர்களை அங்கேயே உட்காரவைத்துப் பிரசங்கம் தொடங்கினார். 'விஷம்' என்று அவர் கையை உயர்த்தியதுதான் தாமதம், கையகலக் காரை ஒன்று தோரணத்தோடு மேஜைமேல் விழுந்தது. மேலே துருப்பிடித்த கம்பி பல்லை இளித்தது.

சக்கரவர்த்தி அசரவில்லை. "பார்த்தீங்களா? உங்களுக்குக் காட்டணும்னுதான் சரிபண்ணாம வச்சிருந்தேன்!"

கைதட்டல். "சார், அடுத்த வாரம் இன்னும் பத்துப் பேரைக் கூட்டிட்டு வரேன். அதுவரைக்கும் தொட்டுடாதீங்க," என்றார் செயலாளர்.

"தொடவே மாட்டேன்!"

அவர்கள் போனதும் மனைவி வேலைக்காரம்மாவைத் துணைக்குக் கூப்பிட்டு, மகளுக்கான கட்டிலை முன்னறையில் போட்டார். சக்கரவர்த்தியின் கட்டிலைப் பின்னறைக்கு நகர்த்தினார்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கவந்தவர் திகைத்தார். "என் கட்டில் எங்கடி?"

"பீமுக்குக் கீழே. சும்மா சுருக்கம்தானே, நிம்மதியா படுங்க."

வீறாப்பாகப் போய்ப் படுத்தார். கொஞ்ச நேரத்தில் மீசைமேல் பொடி உதிர்ந்தது.

அடுப்பில் வைத்த டீத்தண்ணீர் கொதிப்பதற்குள், பின்னறையிலிருந்து அவர் அடங்கின குரலில் போன் பேசுவது கேட்டது.

"மேஸ்திரி, உடனே வாப்பா. சேச்சே, என் வீட்டுல இல்ல, தெரிஞ்சவங்க வீட்டுல. எங்கேன்னா... நேரா எங்க வீட்டுப் பின்வாசலுக்கு வந்துடு."