மேல்வரிசை நாலு பல்

குழந்தைகளின் பல்லைப் பற்றிய கூட்டத்துக்குப் பேக்கரிக்காரர் ஒரு தட்டு நிறையக் கிரீம் பன் கொண்டுபோனார். எங்கேயும் வெறுங்கையோடு போய் அவருக்குப் பழக்கமில்லை. குழந்தைகள் காப்பகத்தின் கூடத்தில் பெற்றோர்கள் எல்லாரும் பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில், முழங்கால் முகவாயை இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் மேசைமேல் தர்பூசணி அளவில் ஒரு பிளாஸ்டிக் தாடை. அதன் பக்கத்தில் நின்றிருந்த பல் நர்ஸ் தட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது எதுக்குங்க?"

"கூட்டம்னா வாய்க்கு ஏதாவது வேணுமில்ல."

"தீயணைப்பு வகுப்புக்குப் பெட்ரோல் கொண்டு வந்த மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு, நர்ஸ் தட்டை வாங்கி ஜன்னலோரம் வைத்தார். பேச்சு தொடங்குவதற்குள் அதில் ஒரு பன் காணாமல் போயிருந்தது.

பேக்கரிக்காரருக்கு மூன்றரை வயதில் ஒரு மகள். காப்பகம் விட்டதும் கடைக்கு வந்து, கல்லாவுக்குக் கீழே உட்கார்ந்து ஓயாமல் பிஸ்கட் கொறிப்பதால் எல்லாரும் அவளைச் சுண்டெலி என்றே கூப்பிட்டார்கள். மனைவிக்கு மருந்து பேக்கிங் கம்பெனியில் சாயங்கால ஷிப்ட். மகளைத் தூங்க வைப்பது அவர் பொறுப்பு. மனைவியின் தம்பியும் கூடவே இருந்தான். கடைக்கு டெலிவரி பார்ப்பவன். ஒத்தாசைக்கு என்று பேர்.

நர்ஸ் பால் பல்லைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் பேக்கரிக்காரரால் சும்மா இருக்க முடியவில்லை.

"எப்படியும் விழப்போற பல்லுதானே மேடம். அதுக்குப் போய் இவ்வளவு சிங்காரமா?"

"உங்க முடிகூடத்தான் விழுந்துக்கிட்டே இருக்கு. அதுக்காக அழுக்கா விட்டுட்டீங்களா?"

கூடமே சிரித்தது. பேக்கரிக்காரர் மிச்சமிருந்த முடியைத் தடவிக்கொண்டார். பால் பல் அடுத்து வரும் பல்லுக்கு இடம் பிடித்து வைக்கிறது, சொத்தையானால் பிள்ளை வலியில் சாப்பிடாது, தூங்காது என்று நர்ஸ் விளக்கினார். "எவ்வளவு இனிப்பு சாப்பிடுறாங்கங்கிறதைவிட எத்தனை தடவைங்கிறதுதான் முக்கியம். ஒவ்வொரு தடவையும் வாயில இருக்கிற கிருமி அமிலத்தைக் கக்கும். எச்சில்தான் அதைச் சரி பண்ணும். ஓயாம கொறிச்சா பாவம் எச்சில் என்னதான் பண்ணும்?" மனைவி பேக்கரிக்காரரின் தொடையைக் கிள்ளினாள்.

பிறகு பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். சுண்டெலியின் உதட்டைத் தூக்கிப் பார்த்த நர்ஸ் பெற்றோரைக் கிட்டே கூப்பிட்டார்.

"மேல்வரிசையில முன்னாடி நாலு பல். ரெண்டுல ஈறோரமா சுண்ணாம்பு மாதிரி வெள்ளைக் கோடு, ரெண்டு பழுப்பாயிடுச்சு. கீழ்ப்பல்லு பளிச்சுனு இருக்கு, பாருங்க. பாட்டில் குடிக்கிறப்ப நாக்கு அதை மூடிக்கும். ராத்திரி இனிப்புப் பால் பாட்டிலோட தூங்குறா, இல்லையா?"

"இல்லைங்க. பாட்டிலை விட்டு ஒரு வருஷம் ஆச்சே" என்றாள் மனைவி.

பேக்கரிக்காரருக்குத் திடீரென்று மின்விசிறிமேல் அக்கறை பிறந்தது. சுற்றுகிறதா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மைத்துனன் செருப்பு வாரைச் சரிசெய்தான்.

"ஏங்க."

"ம்."

"வீட்டுக்குப் போலாம்."

கூட்டத்தில் வைத்து நாலு திட்டுத் திட்டியிருந்தால்கூட அவருக்கு அவ்வளவு பயமாக இருந்திருக்காது.

வீட்டில் மாவு டின்னுக்குப் பின்னாலிருந்து பாட்டில் வெளியே வந்தது. கழுவி ஒளித்து வைத்தது தம்பி என்பதும் கூடவே வந்தது. "ஒரு வீட்டுக்கு ரெண்டு திருடங்க" என்றாள் மனைவி. தம்பி "அத்தான்தான் சொன்னாரு" என்று நொடியில் கட்சி மாறினான்.

"நீ ஷிப்டுக்குப் போனதும் அவ வாசலைப் பார்த்துக்கிட்டே அழுவா" என்றார் பேக்கரிக்காரர். "விடியறதுக்கு முன்னாடி நான் அடுப்பு மூட்டணும். அவ தூங்குனாதான் நான் தூங்க முடியும். பாட்டிலைக் கொடுத்தா சட்டுனு கண்ணை மூடிடுறா. எனக்கு வேற வழி தெரியல."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா நீ வேலையை விட்டுடுவியோன்னு பயந்துட்டேன். அந்த வேலைக்கு நீ எவ்வளவு அலைஞ்சேன்னு எனக்குத் தெரியாதா?"

அவள் பாட்டிலைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தாள். கோபம் போகவில்லை, ஆனால் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் மூவரும் நர்ஸிடம் போய் நின்றார்கள். "ஒரேயடியா பிடுங்காதீங்க" என்றார் நர்ஸ். "தினம் கொஞ்சம் பாலைக் குறைச்சுத் தண்ணியைக் கூட்டுங்க. கடைசியில வெறும் தண்ணியா ஆயிடும். வெறும் தண்ணிக்காக எந்தப் பிள்ளையும் மல்லுக்கட்டாது. படுக்கப் போறதுக்கு முன்னாடி பெரியவங்கதான் பல்லு தேய்ச்சு விடணும். ஃப்ளோரைடு பேஸ்ட், பட்டாணி அளவு. துப்பினா போதும், கொப்பளிக்க வேணாம். ரெண்டு பேர் எதிரெதிரா உக்காந்து மடியில படுக்க வெச்சா சுலபம்."

சுலபம் என்ற வார்த்தையை நர்ஸ் எந்த அகராதியில் பார்த்தாரோ தெரியவில்லை. அன்று மாலை மாமனும் அப்பனும் முழங்காலோடு முழங்கால் முட்ட உட்கார்ந்து, நடுவில் சுண்டெலியை மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். தம்பி காலைப் பிடித்தான். முகத்தில் ஒரு உதை வாங்கினான். பேக்கரிக்காரரின் ஆள்காட்டி விரலில் நல்ல பல், சொத்தைப் பல் எல்லாம் வித்தியாசமில்லாமல் பதிந்தன. எதிர்வீட்டுக்காரர் வந்து, பிள்ளையை என்ன செய்கிறீர்கள் என்று விசாரித்துவிட்டுப் போனார்.

பாட்டிலும் லேசில் போகவில்லை. நாலைந்து நாளில் சுண்டெலி உறிஞ்சிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "அப்பா, பால் ஒல்லியாயிடுச்சு" என்றாள். பிறகு பாட்டிலை மாமன் தலைக்குக் குறிவைத்தாள். குறி தப்பவில்லை.

வேறு வழியில்லாமல்தான் பேக்கரிக்காரர் கதை விட ஆரம்பித்தார். ஒவ்வொரு பல்லும் கடைக்கு வருகிற ஒரு ஆள். முன்பல் ரெண்டும் எப்போதும் சண்டை போட்டுக்கொண்டு வரும் அக்கா தங்கை. மூலையில் ஒளிந்திருக்கும் கடைவாய்ப்பல், கேக்கில் பாதியைத் தின்றுவிட்டு, நன்றாக இல்லை என்று மீதியைத் திருப்பிக் கொண்டுவரும் கணக்கு வாத்தியார். "வாயைத் தொற, வாத்தியார் இன்னைக்கு என்ன பண்றாருன்னு பார்ப்போம்" என்றால் வாய் ஆவென்று திறந்தது. பல் தேய்த்து முடிந்தாலும் கதை முடியக்கூடாது என்று படுக்கையில் அவள் அடம்பிடித்தாள். அவர் சொன்னார். யார் முதலில் தூங்கினார்கள் என்பது தம்பிக்குத்தான் தெரியும். பாட்டில் இல்லாமல் ரெண்டு பேரும் தூங்கினார்கள்.

அதற்கும் ஒரு விலை இருந்தது. ஒருநாள் கணக்கு வாத்தியார் கல்லா முன்னால் வந்து நின்று, பொட்டலத்தைப் பிரித்து, பாதிக் கேக்கை எடுத்து வைத்தார்.

சுண்டெலி கீழேயிருந்து தலையை நீட்டினாள். "அப்பா, கடைவாய்ப்பல் வந்துடுச்சு."

"என்னம்மா சொல்றே?" என்றார் வாத்தியார்.

"உங்களை நல்லாத் தேய்க்கணும்னு அப்பா சொன்னாங்க. இல்லைன்னா நாறுமாம்."

வாத்தியார் பேக்கரிக்காரரைப் பார்த்தார். பேக்கரிக்காரர் விளக்க வாயைத் திறந்து, விளக்க விளக்க மோசமாகும் என்று உணர்ந்து மூடிக்கொண்டார். வாத்தியார் அன்றைக்கப்புறம் எதிர்வரிசைக் கடைக்கு மாறினார். முழுக் கேக்கையும் அங்கேயே தின்கிறாராம்.

சில மாதம் கழித்துக் குடும்பத்தோடு பல் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பழுப்பேறிய ரெண்டு பல்லையும் டாக்டர் ஏற்கெனவே அடைத்திருந்தார். மற்ற ரெண்டிலும் வெள்ளைக் கோடு பரவாமல் நின்றுவிட்டது என்று நர்ஸ் சொன்னார். "நீங்க திருந்துவீங்கன்னு நான் நினைக்கல" என்றும் சொன்னார். பேக்கரிக்காரர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் சுண்டெலி பிஸ்கட் கேட்டாள்.

"வீட்டுக்குப் போய் சாப்பாட்டோட சேர்த்துச் சாப்பிடலாம்."

அவள் நடைபாதையில் நீளமாகப் படுத்துக்கொண்டு ஊரைக் கூட்டினாள். போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். ஒரு அம்மாள், பிள்ளையை இப்படியா பட்டினி போடுவார்கள் என்று காதில் விழும்படியே சொல்லிவிட்டுப் போனாள்.

"கொடுத்துடாதீங்க" என்றாள் மனைவி மெதுவாக.

"கொடுக்கல."

ரெண்டு பேரும் சுவரில் சாய்ந்து நின்றார்கள். அவளுக்கு அன்று ஷிப்டு இல்லை. அவருக்கும் போக அவசரமில்லை. அழுகை மெல்லச் சுருதி இறங்கியது. சுண்டெலி எழுந்து உட்கார்ந்தாள், பாவாடையைத் தட்டினாள், மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"தண்ணியாவது இருக்கா?" என்று கேட்டாள்.