கராபாத்தோ என்றார் ஆர்னுல்ஃபோ

நூரிஸ், சவப்பெட்டியில் கிடந்த தன் அப்பாவின் சட்டைக்கு ஐந்தாவது பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது, எனில்தா அத்தை அந்தச் சட்டையின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். கூடப்பிறந்த அண்ணனின் கடைசி உடுப்பு என்றாலும் தரம் பார்க்காமல் விட அவளுக்கு மனம் வரவில்லை.

"நல்ல லினன்டி. இத வித்தவனுக்குக் கட்டுப்படி ஆகியிருக்காது."

"வித்தது அப்பாதான், அத்தை."

"அப்ப ஆகியிருக்கும்."

இருவரும் பெட்டிக்குக் குறுக்கே சிரித்தார்கள். அப்பா ஆர்னுல்ஃபோவும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பவர் போலத்தான் கிடந்தார். எண்பத்தொரு வயது. நேற்றுக் காலை சொந்தக் கட்டிலில், பெரிதாக வலி இல்லாமல் போனவர். பாரங்கியா நகரத் துணிச்சந்தையில் அவருக்குத் தெரிந்தவர்கள் அத்தனை பேரும் முன்னறையில் நாற்காலி போட்டுக் காபி குடித்தபடி, அவரிடம் ஏமாந்த கதைகளை ஒருவருக்கொருவர் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மூன்று மணிக்குக் கல்லறை.

ஆறு மணிக்கு இன்னொரு காரியமும் இருந்தது. நூரிஸின் ஆறு வயது மகள் லூசேலியை நடனப் பள்ளியில் சேர்க்க அன்றுதான் கடைசி நாள். என்ன ஆட்டம் என்பது மூன்று வாரமாக முடிவாகவில்லை. எனில்தா அத்தைக்குக் கும்பியா. பெண் கையில் மெழுகுவத்தி ஏந்தி, முதுகு நிமிர்ந்து, பாதம் தரையை விட்டு எழும்பாமல் போக வேண்டும், ஆண் தொடாமல் சுற்றிச் சுற்றி வர வேண்டும், அதுதான் ஆட்டம் என்பாள். நூரிஸின் கணவன் வில்மருக்குப் பாலே. ரோஜா நிறச் செருப்பு, பியானோ, நகரின் வடக்குப் பக்கத்துப் பணக்காரச் சிநேகிதர்கள். இருவரும் மாறி மாறி ஆர்னுல்ஃபோவின் கட்டிலருகே போய் நியாயம் சொன்னார்கள். வாழ்நாள் முழுக்க விலையைத் தான் முதலில் சொல்லாத மனிதர் அவர். "பாக்கலாம்" என்று கண்ணை மூடிக்கொள்வார்.

நூரிஸ் வாயே திறக்கவில்லை. அவள் மனதில் இருந்தது கராபாத்தோ. பல வண்ண ரிப்பன் கட்டிய கொக்கித் தடியோடு ஒரு கூட்டம் ஆடும். எலும்புக்கூடு வரைந்த கருப்பு உடையில் சாவு வந்து ஒவ்வொருவராக விரட்டும். கடைசியில் எல்லோருமாகச் சேர்ந்து சாவை அடித்து வீழ்த்துவார்கள். ஏழு வயதில் அதைத்தான் கேட்டு அழுதாள். கும்பியாவில் சேர்த்துவிட்டார்கள்.

அத்தை காபித் தட்டோடு முன்னறைக்குப் போனவள், நடுவில் நின்று தொண்டையைச் செருமினாள்.

"அண்ணன் தீர்ப்ப சொல்லிட்டுத்தான் போயிருக்கான். கடைசி வார்த்தை என் காதுல விழுந்துச்சு. கராபாத்தோன்னான். நான் கும்பியாவ விட்டுட்டேன். மாப்ள, நீ?"

வில்மர் கோப்பையைக் கீழே வைத்தான். "அத்தை, அந்த வார்த்தைக்குக் கிறுக்கல்னும் ஒரு அர்த்தம் இருக்கு. டாக்டரோட மருந்துச் சீட்டப் பாத்துச் சொல்லியிருப்பாரு."

அறையே சிரித்தது. "செத்தவன்கிட்டயும் பேரம் பேசறான் பாரு!" என்றார் பொத்தான் கடைக்காரர். வில்மரும் சிரித்துக்கொண்டே இரண்டு கையையும் தூக்கினான். "சரி, மாமனார் வாக்கு. கராபாத்தோ."

லூசேலி நாற்காலிகளுக்கு நடுவே குதித்தாள். உள்ளறை வாசலில் நின்ற நூரிஸுக்கு மட்டும் காது சுட்டது.

நேற்று விடிந்ததிலிருந்து அவள்தான் பக்கத்தில் இருந்தாள். அப்பா கண்ணுக்குத் தெரியாத ஒரு பெண்மணிக்குத் துணி விற்றுக்கொண்டிருந்தார். "தொட்டுப் பாருங்கம்மா, நான் சொன்னா நம்பாதீங்க, உங்க விரல் சொல்லட்டும்." பிறகு விரலைக் கூரைப் பக்கம் நீட்டி, "மேல் தட்டுல அந்த நீலம்… கராபாத்தோ" என்றார். கடையில் உச்சித் தட்டிலிருந்து துணிச்சுருளை இழுத்துப் போடும் நீளக் கொக்கிக்கும் அதே பெயர்தான். அவர் கேட்டது கொக்கியை. அத்தை தண்ணீர்ச் செம்போடு உள்ளே வந்தது சரியாக அந்தக் கடைசி வார்த்தை விழும்போதுதான்.

தான் ஆசைப்பட்டதே கைக்கு வந்துவிட்டது. ஆனால் அப்பா பெயரில், அப்பா சொல்லாததைச் சொன்னதாக. விலையில் எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றிச் சொல்வார், அளவுகோலில் துணியை இழுத்துப் பிடித்து ஒருமுறைகூட அளவைக் குறைத்ததில்லை அந்த மனிதர். பெட்டியை மூடும்போது சொல்லிவிட நினைத்தாள். மண் போடும்போதும் நினைத்தாள். திரும்பும் வழியில், வில்மர் வண்டியை ஓட்டும் மும்முரத்தில் இருக்க, பின்சீட்டில் அத்தையின் காதருகே குனிந்தாள்.

"அத்தை, அப்பா டான்ஸச் சொல்லல. கடைக் கொக்கியக் கேட்டாரு."

அத்தை ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தாள். "அண்ணன் கடையில பதினோரு வருஷம் அந்தக் கொக்கிய நான்தான்டி புடிச்சேன். எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன்…"

"உன் புருஷனும் எறங்கல, நானும் எறங்கல. ரெண்டு பேர் ஒரே துணிக்கு மல்லுக்கட்டினா அண்ணன் என்ன செய்வான்? மூணாவது துணிய விரிப்பான்."

"அதுக்காக அப்பா பேர்ல பொய்யா?"

"எங்க பொய் சொன்னேன்? சொன்ன வார்த்தையத்தான் சொன்னேன். எதுக்குச் சொன்னான்னு ஒருத்தரும் கேக்கல." அத்தை குரலைத் தாழ்த்தினாள். "உன்னக் கும்பியாவுல தள்ளினது நான்தான். மெழுகுவத்தியப் புடிச்சுக்கிட்டு, பேங்க் வரிசையில நிக்கற மூஞ்சியோட ஆடின. பாக்க முடியல. சும்மா வா."

நடனப் பள்ளியில் துக்கத்துக்கான கருப்பு உடையோடு நுழைந்தவர்களைப் பார்த்ததும், மற்றத் தாய்மார்கள் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்கள். விண்ணப்பத் தாளில் பெயர், வயது, ஆட்டம். அதன் கீழே 'தேர்ந்தெடுத்தவர்' என்று ஒரு கோடு.

"மாமா பேரப் போடு" என்றான் வில்மர்.

நூரிஸ் பேனா மூடியைக் கழற்றினாள். பிறகு தன் பெயரை முழுதாக, தகப்பன் பெயரோடு எழுதினாள். வில்மர் அதைப் படித்தான். அத்தையைப் பார்த்தான். அத்தை தன் கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடினாள்.

"கிறுக்கல் இல்ல, எழுத்து நல்லா இருக்கு" என்றான் அவன். தாளை வாங்கிப் போய் மேசையில் கொடுத்தான்.

லூசேலி அதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நுழைந்திருந்தாள். முரசு அதிர்ந்தது. பகலில் பேருந்து ஓட்டுகிற தொந்தி பெருத்த ஒருவர், சாவாக வந்து, பிள்ளைகளைத் துரத்தி, நாலு சுற்றுச் சுற்றி, அவர்கள் தொட்டதும் தொப்பென்று விழுந்தார். முரசு நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். லூசேலி மட்டும் குனிந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எந்திரிங்க" என்றாள்.

அவர் ஒரு கையைத் தரையில் ஊன்றி, முனகிக்கொண்டே எழுந்து, முழங்கால் தூசியைத் தட்டிவிட்டு வரிசையின் கடைசியில் போய் நின்றார்.